டைம்ஷேர் ஒப்பந்தம்: வெளிநாட்டில் கையெழுத்திட்டவருக்கு என்ன உரிமை?

சுற்றுலா விடுதியில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்கும் டைம்ஷேர் பற்றிப் பேச்சு எழும்போது இரண்டு வகையான ஆலோசனை தவறாமல் வரும். "வேற்று நாட்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பார் ஒருவர். "எங்கே வாங்கினால் என்ன, நம் நாட்டுச் சட்டம் நம்மைக் காப்பாற்றும்" என்பார் இன்னொருவர். முதல் ஆளை நம்பினால் ஒப்பந்தத்திலிருந்து விலக நமக்கு இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவோம். இரண்டாம் ஆளை நம்பினால் ஊர் திரும்பி ஆற அமர யோசிக்கலாம் என்று இருந்துவிடுவோம். அதற்குள் அந்த உரிமை காலாவதியாகியிருக்கும். என்னைக் கேட்டால், இரண்டாவது ஆலோசனைதான் அதிக ஆபத்தானது.

விஷயம் அவ்வளவு சிக்கலானது இல்லை. வாங்கியது என்ன, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், விலக எத்தனை நாள் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், வாங்கியது எது?

நான்கு குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒருவர் முறை, நாளை இன்னொருவர் முறை. கிணற்றை யாரும் துண்டு போடுவதில்லை, நாளைத்தான் பங்கிடுகிறார்கள். டைம்ஷேர் என்பதும் இதுதான். சுற்றுலா விடுதியில் இருக்கும் ஒரு குடியிருப்பை ஆண்டின் வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொருவருக்கு விற்பார்கள். ஐரோப்பாவில் 1960களில் இது தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963இல் வந்தது. ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் போய் அலுத்தவர்கள் வாரங்களை மாற்றிக்கொள்வதற்காக 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் உருவானது.

கிணற்றுக்கே திரும்புவோம். உங்களுக்கு அதில் மூன்று விதமாகப் பங்கு இருக்கலாம். கிணறு இருக்கும் நிலத்திலேயே பங்கு இருக்கலாம். நிலம் வேறொருவருடையது, குறிப்பிட்ட நாளில் நீர் இறைக்க மட்டும் அனுமதி என்றும் இருக்கலாம். அல்லது கையில் சில டோக்கன்கள், அவற்றைக் கொடுத்து ஒரே முதலாளியின் பல கிணறுகளில் எதிலும் இறைக்கலாம் என்றும் இருக்கலாம்.

டைம்ஷேரில் முதல் வகைக்குப் பத்திர உரிமை என்று பெயர். சொத்தின் ஒரு பங்கு உங்கள் பெயரில் பதிவாகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இது சகஜம். இரண்டாவது பயன்பாட்டு உரிமை. இத்தனை ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு இத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மட்டும். நிலமோ கட்டடமோ உங்களுடையது ஆகாது. மூன்றாவது புள்ளித் திட்டம். ஆண்டுதோறும் கொஞ்சம் புள்ளிகள் தருவார்கள், அவற்றைச் செலவழித்து அறை எடுக்க வேண்டும்.

வெளிநாட்டவருக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? மெக்சிகோவைப் பாருங்கள். அந்நாட்டு அரசியலமைப்பின் 27ஆவது பிரிவின்படி, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நில எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள நிலத்தை வெளிநாட்டவர் நேரடியாகச் சொந்தமாக்க முடியாது. வங்கி வழியாக அமைக்கும் ஓர் அறக்கட்டளை மூலம்தான் அந்தச் சொத்தை அனுபவிக்கலாம். அந்நாட்டின் கடற்கரைச் சுற்றுலா நகரங்களான கான்கூனிலும் புவெர்ட்டோ வயார்ட்டாவிலும் விற்கப்படும் டைம்ஷேர்கள் பெரும்பாலும் பயன்பாட்டு உரிமைதான். "இனி இந்தக் கடற்கரையில் உங்களுக்கும் ஒரு வீடு" என்று விற்பனையாளர் சொன்னால், அந்த வாக்கியத்தை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் காட்ட முடியாது.

அப்புறம் பராமரிப்புக் கட்டணம். கிணற்றைத் தூர் வாரும் செலவில் உங்கள் பங்கு இது. இந்த ஆண்டு ஒரு குடம் தண்ணீர்கூட எடுக்கவில்லை என்றாலும் தூர் வாரக் காசு கொடுத்தாக வேண்டும். இது ஆண்டுதோறும் வரும், பெரும்பாலும் ஏறிக்கொண்டே வரும். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இல்லாவிட்டால் இதற்கும் முடிவு இல்லை.

சுருக்கமாக: டைம்ஷேர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. எதை வாங்கினீர்கள் என்பதை விற்பனையாளரின் பேச்சிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும்.

சட்டம் உங்கள் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை

வேற்று நாட்டில் கார் ஓட்டுகிறீர்கள். "எங்கள் நாட்டில் இடது பக்கம்தான்" என்று சொல்லி இடது பக்கம் ஓட்ட முடியாது. அதே சாலையில் நீங்கள் பாதசாரிக் கோட்டில் நடக்கும்போது, உள்ளூர்க்காரருக்கு வண்டி எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே உங்களுக்கும் நிற்க வேண்டும். அந்த இடத்தின் விதி உங்களைக் கட்டுப்படுத்தும், அதே அளவுக்குக் காக்கவும் செய்யும்.

டைம்ஷேர் சட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு டைம்ஷேர் ஆணை, நுகர்வோர் யார் என்று விளக்கும்போது நாட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. வியாபாரத்துக்காக இல்லாமல் சொந்தத் தேவைக்காக வாங்கும் தனிமனிதர் என்றால் போதும். ஃபுளோரிடாவின் டைம்ஷேர் சட்டமும் மெக்சிகோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே. வெளிநாட்டவர் என்பதற்காக உரிமையில் ஒரு நாள்கூடக் குறையாது.

பிறகு ஏன் வெளிநாட்டவரே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்? உரிமை ஒன்றாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் வசதி ஒன்றாக இல்லை. உள்ளூர்க்காரர் மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தை நீட்டலாம். நீங்கள் மறுநாள் படகுச் சவாரியில் இருப்பீர்கள், அதற்கடுத்த நாள் விமானத்தில்.

விலகல் காலம்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

கையெழுத்திட்ட பிறகு, எந்தக் காரணமும் சொல்லாமல், அபராதம் எதுவும் கட்டாமல் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறச் சட்டம் தரும் குறிப்பிட்ட நாள்களுக்கு விலகல் காலம் என்று பெயர். கடையில் வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுப்பதோடு இதை ஒப்பிடலாம், ஒரு வித்தியாசத்தோடு. சட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வது கடைக்காரரின் தயவாக இருக்கலாம். இங்கே விற்றவருக்கு மறுக்கும் உரிமையே கிடையாது.

எத்தனை நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள்காட்டி நாள்கள். பிரிட்டனிலும் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி அதே 14. முன்பு ஐரோப்பாவில் 1994ஆம் ஆண்டு ஆணையின்படி 10 நாள்தான் இருந்தது. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே கணக்கு கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கை வைத்திருக்கிறது: ஃபுளோரிடாவில் 10, கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் 7, நெவாடாவில் 5. மெக்சிகோவில் 5 வேலை நாள்கள்.

வேலை நாளா, நாள்காட்டி நாளா என்பதைக் கவனியுங்கள். மெக்சிகோவில் வியாழக்கிழமை கையெழுத்திட்டீர்கள், இடையில் அரசு விடுமுறை எதுவும் இல்லை என்றால் வெள்ளி முதல் நாள். சனி, ஞாயிறு சேராது. திங்கள், செவ்வாய், புதன் போய் அடுத்த வியாழன் ஐந்தாவது நாள். இதையே நெவாடாவில் செய்திருந்தால் செவ்வாய் நள்ளிரவோடு கதை முடிந்தது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதும் முக்கியம். ஃபுளோரிடாவில் கையெழுத்திட்ட நாள், சட்டப்படி தர வேண்டிய ஆவணங்களில் கடைசி ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாள், இவை இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். ஐரோப்பாவிலும் ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்த நாள் பிந்தியதாக இருந்தால் அதிலிருந்துதான் கணக்கு. அதற்கும் மேல், விலகல் படிவம் என்ற தனித் தாளை விற்பவர் நிரப்பித் தரவில்லை என்றால் விலகல் காலம் ஓராண்டும் 14 நாளுமாக நீளும். சட்டம் கேட்கும் மற்றத் தகவல்களை எழுத்தில் தராவிட்டால் மூன்று மாதமும் 14 நாளும். பழைய கோப்பைத் தூக்கிப் போடும் முன் அந்தப் படிவம் அதில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

"விலகும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? ஐரோப்பாவிலும் ஃபுளோரிடாவிலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அந்த உரிமையை நீங்களே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

ஐரோப்பிய விதிகளில் இன்னொரு கூர்மையான ஏற்பாடு உண்டு. விலகல் காலம் முடியும் வரை முன்பணம் வாங்கவே கூடாது. பணம் மட்டும் இல்லை. அட்டையில் தொகையைத் தடுத்து வைப்பது, உத்தரவாதம் கேட்பது, கடன்பட்டிருப்பதாக எழுதி வாங்குவது எல்லாமே தடை. ஸ்பெயினின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போய், அப்படி வாங்கிய தொகையை இரு மடங்காகத் திருப்பிக் கேட்கலாம் என்றது. ஏன் இவ்வளவு கடுமை? பணம் கைமாறிவிட்டால் விலகும் உரிமை வெறும் காகிதமாகிவிடும். வேற்று நாட்டில் இருக்கும் ஒருவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

விலகுவது எப்படி? எழுத்தில். தொலைபேசியில் சொன்னது, வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டு வந்தது எதையும் நம்ப வேண்டாம். ஒப்பந்த எண், தேதி, பெயர், "இந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்" என்ற ஒரு வரி; இவ்வளவு போதும். காரணம் எழுதாதீர்கள், எழுதினால் அதற்குச் சமாதானம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் முகவரிக்கு, சொல்லியிருக்கும் வழியில், அனுப்பியதற்கு அத்தாட்சி கிடைக்கும் விதமாக அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் கெடு முடியும் முன் அனுப்பினால் போதும், போய்ச் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. மெக்சிகோவில் நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். விமானம் ஏறும் முன் நேரில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குவதே நல்லது. "ஊருக்குப் போய்ச் சேருங்கள், அடுத்த வாரம் எங்கள் ஆள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சரிசெய்வார்" என்று யாராவது இனிமையாகச் சொன்னால், அந்த அடுத்த வாரம் எந்தத் தேதியில் விழுகிறது என்று நாள்காட்டியைப் பாருங்கள்.

ஐரோப்பாவில் விலகினால் அதோடு ஒட்டிய ஒப்பந்தங்களும், அதாவது வாங்குவதற்காக விற்பனையாளர் ஏற்பாடு செய்த கடனும் பரிமாற்ற நிறுவன உறுப்பினர் உரிமையும், செலவில்லாமல் தானாகவே ரத்தாகும்.

சுருக்கமாக: விலகல் காலத்துக்குள் இருந்தால் வழக்கறிஞர் தேவையில்லை, காரணம் தேவையில்லை, ஒரு கடிதம் போதும். அது முடிந்த மறுநாளே நிலைமை தலைகீழ்.

எந்த மொழியில் எழுதியிருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாங்குபவர், தான் வசிக்கும் உறுப்பு நாட்டின் மொழியிலோ, தான் குடிமகனாக இருக்கும் உறுப்பு நாட்டின் மொழியிலோ ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அந்த மொழி ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவருக்கு 14 நாள் கிடைக்கும், தாய்மொழி கிடைக்காது.

மெக்சிகோவில் இப்படி அச்சிட்டு நீட்டப்படும் ஒப்பந்தங்கள் ஸ்பானிய மொழியில் இருந்தாக வேண்டும், நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான புரோஃபெகோவிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஆங்கிலப் பிரதி ஒன்றும் கையில் தரலாம். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஸ்பானியப் பிரதியே நிற்கும் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் படித்தது ஒன்று, கட்டுப்பட்டது இன்னொன்று என்று ஆக வாய்ப்புண்டு. வாய்மொழி வாக்குறுதிகளின் கதியும் இதுதான். "இதில் எழுதப்படாத எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்ற வரி பெரும்பாலான டைம்ஷேர் ஒப்பந்தங்களில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும்.

எந்த நாட்டு நீதிமன்றம், எந்த நாட்டுச் சட்டம்?

இவை இரண்டு தனிக் கேள்விகள். ஆட்டம் எந்த மைதானத்தில் என்பது ஒன்று, எந்த விதிப் புத்தகத்தின்படி என்பது மற்றொன்று. வழக்கை விசாரிக்கும் தகுதிக்கு நீதிமன்ற அதிகார வரம்பு என்றும், பொருந்தும் விதிப் புத்தகத்துக்கு ஆளும் சட்டம் என்றும் பெயர். ஒரு நாட்டின் நீதிமன்றம் இன்னொரு நாட்டுச் சட்டத்தின்படி தீர்ப்புச் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

நிலம் சம்பந்தமான வழக்கு நிலம் இருக்கும் நாட்டில்தான் நடக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் பழைய விதி. டைம்ஷேர் நிலமா, இல்லையா? கிரேக்க நாட்டில் உள்ள விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை ஜெர்மானியத் தம்பதி ஒருவர், ஐல் ஆஃப் மேன் தீவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றின் உறுப்பினராகச் சேர்ந்து வாங்கினார்கள். 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைப் பார்த்துச் சொன்னது: கொடுத்த பணத்தில் பெரும்பகுதி உறுப்பினர் கட்டணம், அறை மீதான உரிமை அதில் ஒரு சிறு பகுதிதான். ஆகவே நில விதி இங்கே பொருந்தாது. நான் தொடக்கத்தில் மூன்று வகைகளைப் பிரித்துச் சொன்னது இதற்காகத்தான். வாங்கிய சரக்கு எது என்பதை வைத்து மைதானமே மாறிவிடும்.

ஆளும் சட்டத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பொது விதி உண்டு. விற்பவர் உங்கள் நாட்டை நோக்கி வியாபாரம் செய்திருந்தால், அதாவது அங்கே விளம்பரம் செய்து ஆள் பிடித்திருந்தால், உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களோடு வரும். கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்தவர் பரிசுச் சீட்டைச் சுரண்டச் சொல்லிக் கூட்டிப்போனார் என்றால் இதை நிரூபிப்பது கடினம். அனுகூலமான சட்டத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் முடியாது. ஸ்பெயினில் டைம்ஷேர் வாங்கிய பிரிட்டிஷ் நுகர்வோரின் வழக்கில், விதிப்படி ஒரு நாட்டுச் சட்டம் பொருந்தும்போது இன்னொரு நாட்டுச் சட்டம் தனக்குச் சாதகம் என்பதற்காக அதைக் கேட்க முடியாது என்று 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தூதரகத்தைப் பற்றியும் பலர் கேட்பார்கள். அவர்கள் உள்ளூர் வழக்கறிஞர்களின் பட்டியல் தருவார்கள். தனியார் ஒப்பந்தத் தகராறில் உங்கள் சார்பாக வாதாட மாட்டார்கள்.

கெடு முடிந்த பிறகு

கதவு முழுவதும் மூடிவிடுவதில்லை, ஒரு விரற்கடை திறந்திருக்கும்.

ஒப்பந்தமே சட்டத்துக்குப் புறம்பானதா என்று பார்க்கலாம். ஸ்பெயினின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி டைம்ஷேர் திட்டத்தின் காலம் 3 முதல் 50 ஆண்டு வரைதான் இருக்க முடிந்தது. கிரான் கனாரியா தீவில் வாங்கிய நார்வேப் பெண் ஒருவர், தன் ஒப்பந்தத்துக்கு முடிவே இல்லை என்று வழக்குப் போட்டார். 2015 ஜனவரியில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னால் ஏராளமான வெளிநாட்டவர் வழக்குகள் வரிசை கட்டின, பலர் ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் ஜெயித்தவர்கள் எல்லாரும் பணத்தைப் பார்த்துவிடவில்லை. விற்ற நிறுவனங்கள் சில அதற்குள் திவாலாகிவிட்டன. தீர்ப்பு கையில் இருப்பதும் பணம் கையில் இருப்பதும் வேறு வேறு.

அட்டையில் பணம் கட்டியிருந்தால் அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம். சார்ஜ்பேக் எனப்படும் ஏற்பாட்டின் மூலம், கட்டிய தொகையை வியாபாரியின் வங்கியிடமிருந்து திரும்பக் கேட்பார்கள். அதற்கும் கெடு உண்டு. பிரிட்டனில் இது இன்னும் வலுவானது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால், விற்பவரோடு சேர்த்து வங்கியையும் பொறுப்பாக்குகிறது. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும் என்பது 2007இல் உறுதியானது. வேற்று நாட்டு நிறுவனத்தைத் துரத்துவதைவிட உள்நாட்டு வங்கியின் கதவைத் தட்டுவது எவ்வளவோ மேல்.

மெக்சிகோ விவகாரம் என்றால் புரோஃபெகோவிடம் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டே கொடுக்கலாம். இரு தரப்பையும் பேச வைத்துச் சமரசம் செய்வது அதன் வேலை.

பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டால் தானாக முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பத்திர உரிமை என்றால் அந்தச் சொத்துப் பங்கைப் பறிமுதல் செய்ய நடவடிக்கை வரும். பாக்கி வசூலிக்கும் நிறுவனத்திடமும் போகலாம். நிறுத்தும் முன் அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது தொலைபேசி அழைப்பு

வாங்கி மனம் நொந்தவரைத் தேடி ஓர் அழைப்பு வரும். "உங்கள் டைம்ஷேரை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது" என்பார்கள். விலை நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கும். ஒப்பந்தம் வரும், முத்திரை வரும், எல்லாம் அசல் போலவே இருக்கும். கடைசியில் ஒரு சின்னத் தடை: வரி, பதிவுக் கட்டணம், பணப் பரிமாற்ற அனுமதி என்று ஏதாவது ஒன்றை நீங்கள் முதலில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அடுத்த தடை வரும்.

மெக்சிகோவில் இதை நடத்துவது சில்லறை ஏமாற்றுக்காரர்கள் மட்டும் இல்லை. ஹலிஸ்கோ மாநிலத்தின் போதைப்பொருள் கும்பல் இந்த மோசடியில் இறங்கியிருக்கிறது என்று சொல்லி, புவெர்ட்டோ வயார்ட்டாவைச் சுற்றி இயங்கிய ஆட்கள் மீதும் நிறுவனங்கள் மீதும் அமெரிக்க நிதித் துறை 2023 முதல் தடை விதித்து வருகிறது. விடுதிகளில் வேலை செய்வோரிடமிருந்து வாங்கியவர் பட்டியலைப் பெற்று, வயதானவர்களாகப் பார்த்து அழைக்கிறார்கள். ஒரு முறை பணம் இழந்தவரை விட்டுவிடுவதும் இல்லை. அடுத்த முறை வழக்கறிஞர் வேடத்திலோ, இழந்த பணத்தை மீட்டுத் தரும் அரசு அதிகாரி வேடத்திலோ வருகிறார்கள். தடை விதித்த அந்த அமெரிக்க அலுவலகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே அழைத்த ஆட்களும் உண்டு.